க்னோம் பதிப்பு மாறியதும் பல திரை நீட்சிகளைச் சரிசெய்வது எப்படி

லினக்ஸில் ஓடும் க்னோம் மேசைச்சூழலின் புதிய பதிப்பு ஆண்டுக்கு இரண்டு முறை வருகிறது, மார்ச்சில் ஒன்று, செப்டம்பரில் ஒன்று. ஒவ்வொரு முறையும் முதலில் அடி வாங்குவது நீட்சிகள்தான் (எக்ஸ்டென்ஷன்கள், மேசைக்குக் கூடுதல் வசதி சேர்க்கும் சின்ன நிரல்கள்). அவற்றிலும், இரண்டு மூன்று திரை வைத்து வேலை செய்கிறவர்கள் நம்பியிருக்கும் நீட்சிகளுக்கு அடி கொஞ்சம் பலமாகவே விழும். இரண்டாவது திரையில் இருந்த மேல்பட்டை காணாமல் போகும், டாக் (செயலிச் சின்னங்கள் வரிசையாக நிற்கும் பட்டை) தப்பான திரையில் போய் உட்காரும், ஜன்னல்களை அடுக்கித் தரும் நீட்சி லேப்டாப் திரையில் மட்டும் ஒழுங்காக வேலை செய்து பெரிய திரையில் எதையோ பாதியில் வெட்டிவிடும்.

இதற்குக் காரணம் இருக்கிறது. உலாவி நீட்சிகளைப் போல க்னோம் ஷெல் நீட்சிகளுக்கென்று தனியாக, நிலையாக வைத்திருக்கும் ஏபிஐ (நிரல்கள் பேசிக்கொள்ளும் இடைமுகம்) எதுவும் கிடையாது. ஷெல் என்பது மேல்பட்டை, பணியிடங்கள் எல்லாவற்றையும் காட்டும் க்னோமின் முக்கிய நிரல், உங்கள் நீட்சி அதன் உள்ளேயே, அதே புராசஸில் ஓடுகிறது. ஷெல்லின் உள்ளுறுப்புகளை நேரடியாகத் தொடுகிறது. ஷெல் எழுதுகிறவர்கள் ஒரு கிளாஸின் பெயரை மாற்றினால் அது உங்களுக்கும் மாறிவிடும். கெட்டதாகத் தெரிந்தாலும் ஒரு நல்ல பக்கம் உண்டு: எல்லாம் படிக்கக்கூடிய ஜாவாஸ்கிரிப்ட்தான், கம்பைல் செய்ய வேண்டியதில்லை. ஓரளவு ஜாவாஸ்கிரிப்ட் படிக்கத் தெரிந்த யாரும் ஒரு நீட்சியைப் புதுப் பதிப்புக்குக் கொண்டுவந்துவிடலாம்.

ஒன்றை மட்டும் ஆரம்பத்திலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நீட்சி ஆன் ஆகிவிட்டது என்பதும் வேலை செய்கிறது என்பதும் ஒன்றல்ல. பல திரை நீட்சிகள் உடைவது பெரும்பாலும் ஆன் ஆகும்போது அல்ல, திரை ஒன்றைக் கழற்றும்போதும், பூட்டித் திறக்கும்போதும், தூங்கி எழும்போதும்தான். கீழே சொல்லும் வரிசை முழுக்க இதைச் சுற்றித்தான் போகிறது.

(கட்டளைகளையும் நிரல் பெயர்களையும் உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.)

எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புக்கு வந்தீர்கள்?

வேலை எவ்வளவு என்பதை இதுதான் முடிவு செய்யும். 2021 மார்ச்சில் 3.38-க்கு அடுத்ததாக 40 என்று எண்முறை மாறியது. அதற்குப் பிறகு வந்தவற்றில் பெரிய சுவர் என்றால் 45, 2023 செப்டம்பரில் வந்தது. அதில் ஷெல் தன் பழைய இம்போர்ட் முறையை விட்டுவிட்டு ஜாவாஸ்கிரிப்ட்டின் பொதுவான இஎஸ் மாட்யூல் முறைக்கு முழுதாக மாறியது. அதனால் 44 வரைக்கும் எழுதிய எந்த நீட்சியும் 45-ல் ஓடாது, 45-க்கு மாற்றிய நீட்சி 44-ல் ஓடாது. இரண்டுக்கும் பொதுவாக ஒரே கோப்பை வைத்துக்கொள்ளவே முடியாது.

ஃபெடோரா போல ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பாக ஏறி வருகிறவர்கள் அந்தச் சுவரை எப்போதோ தாண்டியிருப்பார்கள். நீண்டகால ஆதரவுப் பதிப்புகளில் இருப்பவர்களுக்குத்தான் எல்லாம் ஒரே நாளில் வந்து விழும்: உபுண்டு 22.04-ல் க்னோம் 42, 24.04-ல் 46. டெபியன் 12-ல் 43, 13-ல் 48. இப்படித் தாவியவர்கள் நடுவில் வந்த ஒவ்வொரு பதிப்பின் மாற்றத்தையும் சேர்த்துச் செய்ய வேண்டும், கடைசிப் பதிப்பின் மாற்றங்களை மட்டும் படித்தால் போதாது.

இன்னும் மேம்படுத்தாமல் இருப்பவர் என்றால் இப்போதே இரண்டு காரியம் செய்துவிடுங்கள். வீட்டு அடைவில் மறைந்திருக்கும் டாட் லோக்கல் ஃபோல்டருக்குள் ஷேர், அதற்குள் க்னோம்-ஷெல், அதற்குள் எக்ஸ்டென்ஷன்ஸ் என்று இருக்கும், அந்த ஃபோல்டரை அப்படியே நகல் எடுங்கள். அப்புறம் டிகான்ஃப் டம்ப் கட்டளையால் நீட்சிகளின் அமைப்புகளை ஒரு கோப்பில் கொட்டி வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் திரைக்கு எந்தப் பட்டை, எந்த அகலம் என்று பார்த்துப் பார்த்து வைத்த அமைப்புகள், நீட்சியின் புதுப் பதிப்பு சாவிப் பெயர்களை மாற்றிவிட்டால் காணாமல் போய்விடும். பழைய மதிப்புகள் கையில் இருந்தால் திரும்பக் கொடுப்பது எளிது.

உள்ளேயே நுழைய முடியவில்லை என்றால்

சில நேரம் நீட்சி ஷெல்லையே விழுத்தாட்டிவிடும், கடவுச்சொல் கொடுத்ததும் திரும்ப உள்நுழைவுத் திரைக்கே வந்து நிற்பீர்கள். பதற வேண்டாம். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்துமுறைத் திரை வரும். அங்கே உள்நுழைந்து, மேலே சொன்ன எக்ஸ்டென்ஷன்ஸ் ஃபோல்டருக்கு வேறு பெயர் கொடுங்கள். பிறகு வரைகலைத் திரைக்குத் திரும்பி வழக்கம்போல உள்ளே வாருங்கள். வந்ததும் நீட்சிகளை ஒவ்வொன்றாக, ஆம், ஒவ்வொன்றாகத்தான், பழைய இடத்தில் வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் திருப்பி வைத்தால் எது குற்றவாளி என்று தெரியவே தெரியாது. இரண்டு நீட்சிகள் ஒரே மேல்பட்டையைப் பிடித்து இழுக்கும் சண்டையும் உண்டு.

அந்த நீட்சி இன்னும் தேவைதானா?

வேலை தொடங்கும்முன் அமைப்புகள் செயலியில் மல்டிடாஸ்கிங் பக்கத்தை ஒரு முறை பாருங்கள். பணியிடங்கள் முதன்மைத் திரையில் மட்டும் மாற வேண்டுமா, எல்லாத் திரைகளிலும் சேர்ந்து மாற வேண்டுமா என்பதை அங்கேயே தேர்வு செய்யலாம். இதற்காகவே ஒரு நீட்சியைச் சுமந்துகொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

அடுத்து, நீட்சியின் மூல ரெப்போவுக்கு (நிரல் வைத்திருக்கும் களஞ்சியம்) போய்த் திறந்திருக்கும் புல் ரிக்வெஸ்ட்களையும் (மற்றவர்கள் அனுப்பிய திருத்தங்கள்) ஃபோர்க்குகளையும் (மற்றவர்கள் எடுத்து மாற்றிய நகல்கள்) பாருங்கள். டேஷ் டு டாக், டேஷ் டு பேனல் போன்றவற்றில் பல திரைக்கான வசதிகள் உள்ளேயே இருக்கின்றன, பராமரிக்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டாவது திரைக்கு ஒரு பட்டை வேண்டும் என்பதுதான் தேவை என்றால், கைவிடப்பட்ட ஒரு நீட்சியை உயிர்ப்பிப்பதைவிட டேஷ் டு பேனலுக்கு மாறுவது பலருக்கு நல்லது என்பது என் அபிப்பிராயம். உங்களுக்குப் பழகிய நீட்சிதான் வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை என்றால், சரி, மேலே போகலாம்.

நிலையைச் சரியாகப் படியுங்கள்

டெர்மினலில் க்னோம்-எக்ஸ்டென்ஷன்ஸ் என்ற கட்டளையோடு இன்ஃபோ என்று சேர்த்து, நீட்சியின் யூயூஐடி-யைக் கொடுங்கள். அட் குறி நடுவில் இருக்கும் நீளமான பெயர்தான் யூயூஐடி. நீட்சி இருக்கும் ஃபோல்டரின் பெயரும் அதுவாகவே இருக்க வேண்டும், ஓர் எழுத்து மாறினாலும் ஷெல் கண்டுகொள்ளாது.

வரும் விடையில் நிலை என்ற வரியைப் பாருங்கள். அவுட் ஆஃப் டேட் என்று இருந்தால் ஷெல் அந்த நீட்சியை ஓட்டிப் பார்க்கவே இல்லை, பதிப்பு எண் பொருந்தவில்லை என்பதால் வாசலிலேயே நிறுத்திவிட்டது. எரர் என்று இருந்தால் ஓட்டிப் பார்த்து, நடுவில் எங்கோ உடைந்திருக்கிறது. முதலாவது நிலையில் நீட்சியின் உள்ளே எல்லாம் நன்றாகவே இருக்கலாம்.

பதிப்பு எண் இருப்பது மெட்டாடேட்டா ஜேசன் கோப்பில், ஷெல்-வெர்ஷன் என்ற பட்டியலில். உங்கள் பதிப்பை மேற்கோள் குறிக்குள் அந்தப் பட்டியலில் சேருங்கள். 40-க்குப் பிறகு முதன்மை எண் மட்டும் போதும், "48" என்று போட்டால் போதும், 48.1, 48.2 என்று தனித்தனியாக வேண்டாம். முந்தைய வரியின் கடைசியில் காற்புள்ளி விட்டுப்போனால் கோப்பு முழுவதுமே செல்லாததாகிவிடும், கவனம்.

பதிப்புச் சோதனையை மொத்தமாகவே அணைக்க ஜிசெட்டிங்ஸில் (க்னோம் தன் அமைப்புகளை வைக்கும் இடம்) ஒரு சாவி இருக்கிறது, அதை ஆன் செய்யச் சொல்லும் ஆலோசனை எங்கும் கிடைக்கும். செய்யாதீர்கள். அது ஒரு நீட்சிக்கு மட்டுமல்ல, உங்கள் கணினியில் இருக்கும் எல்லா நீட்சிக்கும் வாசலைத் திறந்துவிடுகிறது.

சோதித்துப் பார்க்க ஒரு தனி இடம்

திரையில் வரைவதற்கான பழைய முறை எக்ஸ்11, புதியது வேலேண்ட். எக்ஸ்11 அமர்வில் ஆல்ட் எஃப்2 அழுத்தி ஆர் என்று தட்டினால் ஷெல் மறுதொடக்கம் ஆகும். வேலேண்டில் அது கிடையாது, வெளியேறித் திரும்ப உள்ளே வர வேண்டும். க்னோம் 49-ல் எக்ஸ்11 அமர்வு இயல்பாகவே அணைக்கப்பட்டுவிட்டதால் பழைய குறுக்குவழியை நம்பியிருக்க வேண்டாம். இன்னொன்றும் இருக்கிறது: மாட்யூல் முறை வந்தபின் நீட்சியை ஆஃப் செய்து ஆன் செய்தாலும் மாற்றிய நிரல் ஏறாது. ஷெல் ஒரு முறை படித்த மாட்யூலை நினைவிலேயே வைத்துக்கொள்கிறது. கோப்பை மாற்றினேன், ஒன்றுமே ஆகவில்லையே என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் புதியவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

இதற்கு வழி, ஓடும் மேசைக்குள்ளேயே ஒரு ஜன்னலில் இன்னொரு ஷெல்லை ஓட்டுவது. 48 வரைக்கும் டிபஸ்-ரன்-செஷன் கட்டளையின் கீழ் க்னோம்-ஷெல்லை நெஸ்டட், வேலேண்ட் என்ற இரண்டு விருப்பங்களோடு தொடங்கினால் போதும். 49-ல் நெஸ்டட் போய் அந்த இடத்தில் டெவ்கிட் என்ற விருப்பம் வந்திருக்கிறது, சில விநியோகங்களில் அதைத் தனிப் பொதியாக நிறுவ வேண்டியிருக்கும்.

நெஸ்டட் ஷெல்லில் இரண்டு திரை வேண்டுமென்றால், தொடங்கும்முன் மட்டர் டீபக் நம் டம்மி மானிட்டர்ஸ் என்ற சூழல் மாறிக்கு 2 என்று மதிப்புக் கொடுங்கள். எல்லாம் பெரிய எழுத்து, சொற்களுக்கு நடுவில் அடிக்கோடு. பொய்த் திரைகள் இரண்டு பக்கத்துப் பக்கத்தில் வரும். நிரல் சரியாக ஏறுகிறதா, பட்டை சரியான இடத்தில் நிற்கிறதா என்று பார்க்க இது போதும். ஆனால் கேபிளைக் கழற்றும் சோதனை நிஜத் திரையில்தான் செய்ய முடியும். இந்த உள்ஷெல் படிப்பதும் உங்கள் அதே நீட்சி ஃபோல்டரையும் அதே அமைப்புகளையும்தான், அதனால் அங்கே மாற்றும் அமைப்பு இங்கேயும் மாறும் என்று எடுத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள்.

பக்கத்தில் இன்னொரு டெர்மினலில் கணினியின் பதிவுகளைக் (லாக்) காட்டும் ஜர்னல்சிடிஎல் கட்டளையைப் பின்தொடரும் விருப்பத்தோடு ஓட விடுங்கள். நெஸ்டட் ஷெல்லின் செய்திகள் அதைத் தொடங்கிய டெர்மினலிலேயே வரும். பிழை வந்தால் கோப்பின் பெயரும் வரி எண்ணும் சேர்ந்து வரும். எப்போதும் முதலில் வந்த பிழையைப் பாருங்கள், அதற்குக் கீழே வரிசையாக வந்தவை பெரும்பாலும் முதல் பிழை பெற்ற பிள்ளைகள்.

45-ன் சுவரைத் தாண்டுவது

பழைய நீட்சியில் கோப்பின் மேலே இம்போர்ட்ஸ் டாட் ஜிஐ, இம்போர்ட்ஸ் டாட் யூஐ என்று ஆரம்பிக்கும் வரிகள் இருக்கும். அவை எல்லாவற்றையும் புதிய இம்போர்ட் வாக்கியங்களாக மாற்ற வேண்டும். எஸ்டி, க்ளட்டர், மெட்டா போன்ற நூலகங்கள் ஜிஐ என்று தொடங்கும் முகவரியிலிருந்து வரும். ஷெல்லின் சொந்தக் கோப்புகள் ரிசோர்ஸ் என்று தொடங்கும் முகவரியிலிருந்து வரும். இனிட், எனேபிள், டிசேபிள் என்று மூன்று தனி ஃபங்ஷன்கள் இருந்த இடத்தில் இப்போது எக்ஸ்டென்ஷன் என்ற கிளாஸை நீட்டி எழுதிய ஒரு கிளாஸ், அதை டிஃபால்ட்டாக எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். அமைப்புகளைப் பெற, அந்தக் கிளாஸின் கெட் செட்டிங்ஸ் மெத்தடை அழைத்தால் போதும்.

எல்லோரும் இடறும் இடம் ஒன்று இருக்கிறது. முக்கியக் கோப்பு எக்ஸ்டென்ஷன் கிளாஸைப் பெறும் முகவரியில் ஷெல் என்ற சொல் சின்ன எழுத்தில் தொடங்கும். விருப்பங்கள் ஜன்னலுக்கான பிரெஃப்ஸ் கோப்பு தன் அடிப்படைக் கிளாஸைப் பெறும் முகவரியில் ஷெல், எக்ஸ்டென்ஷன்ஸ் இரண்டும் பெரிய எழுத்தில் தொடங்கும், நடுவில் ஜேஎஸ் என்று ஓர் அடைவும் கூடுதலாக வரும். எழுத்துப்பிழை என்று நினைத்துத் திருத்திவிடாதீர்கள், அது அப்படித்தான்.

பல திரை நீட்சிகளை இதைவிட ஆழமாகத் தாக்கும் மாற்றம் வேறொன்று. பழைய முறையில் ஷெல்லின் எந்த ஃபங்ஷனையும் பிடித்து, அதன் இடத்தில் நம்முடையதை வைத்துவிடலாம். இரண்டாவது திரைக்கும் மேல்பட்டை போடும் நீட்சிகள் நிறையவே இந்த வித்தையை நம்பித்தான் எழுதப்பட்டன. இஎஸ் மாட்யூலில் எக்ஸ்போர்ட் ஆன பெயர்கள் படிக்க மட்டுமே, அவற்றின் மேல் எழுத முடியாது. எக்ஸ்போர்ட் செய்யாத கிளாஸ் என்றால் வெளியிலிருந்து கண்ணுக்கே தெரியாது. இன்னும் திறந்திருக்கும் வழி, எக்ஸ்போர்ட் ஆன கிளாஸின் புரோட்டோடைப்பில் உள்ள மெத்தடை மாற்றுவது. அதற்கென்றே 45-ல் இன்ஜெக்ஷன் மேனேஜர் என்ற உதவிக் கிளாஸ் கொடுத்திருக்கிறார்கள், அதை வைத்து மாற்றினால் டிசேபிளில் ஒரே அழைப்பில் எல்லாம் பழையபடி திரும்பிவிடும். பழைய நீட்சியில் இப்படி எங்கெங்கே மேலெழுதியிருக்கிறார்கள் என்று முதலிலேயே ஒரு பட்டியல் போட்டுவிடுங்கள். புரோட்டோடைப் வழியாகச் செய்ய முடியாதவை அதில் நிறைய இருந்தால், அந்தப் பகுதியைப் புதிதாக எழுதுவதே சீக்கிரம் முடியும்.

45-க்குப் பின் வந்த சில்லறை மாற்றங்கள்

இவை பெரும்பாலும் தேடி மாற்றும் வேலை. 46-ல் ஆட் ஆக்டர், ரிமூவ் ஆக்டர் போய்விட்டன, ஆட் சைல்ட், ரிமூவ் சைல்ட் என்று எழுதுங்கள். 47-ல் க்ளட்டர் கலர் போய் அந்த இடத்தில் கோக்ல் கலர். 48-ல் மெட்டாவின் கீழ் இருந்த சில ஃபங்ஷன்கள் குளோபல் காம்போசிட்டருக்கு இடம் மாறின, விண்டோ ஆக்டர்களின் பட்டியலைப் பெறுவதும் அவற்றில் ஒன்று. 49-ல் மெட்டா ரெக்டாங்கிள் நீங்கியது, எம்டிகே ரெக்டாங்கிள் பயன்படுத்துங்கள். ஜன்னல் அடுக்கும் நீட்சிகள் செவ்வகக் கணக்கிலேயே வாழ்வதால் இது அவற்றைப் பல இடத்தில் தொடும். அதே 49-ல் ஜன்னலைப் பெரிதாக்கும் மேக்சிமைஸ் அழைப்புகளின் வடிவமும் மாறியிருக்கிறது. முழு விவரம் ஜிஜேஎஸ் (க்னோமின் ஜாவாஸ்கிரிப்ட்) வழிகாட்டித் தளத்தில் பதிப்புவாரியாக இருக்கிறது, உங்கள் பழைய பதிப்புக்கு அடுத்ததில் தொடங்கி வரிசையாகப் படித்துக்கொண்டு வாருங்கள். மிகப் பழைய நீட்சி என்றால் குளோபல் ஸ்கிரீன் என்ற சொல்லே கண்ணில் படலாம், அது 2018-லேயே 3.30-ல் போய்விட்டது, திரைக் கணக்கெல்லாம் இப்போது குளோபல் டிஸ்பிளேயிடமும் லேஅவுட் மேனேஜரிடமும் இருக்கிறது.

இனிதான் திரைகளின் கதை

இதுவரை செய்தது எந்த நீட்சிக்கும் பொருந்தும். பல திரை நீட்சியில் கவனமாகத் தேட வேண்டியது ஒன்று: அது திரையை எதை வைத்து அடையாளம் காண்கிறது?

ஷெல்லில் திரைகளின் அமைப்பைப் பார்த்துக்கொள்ளும் லேஅவுட் மேனேஜரிடம் மானிட்டர்ஸ் என்று ஒரு பட்டியல் இருக்கும். ஒவ்வொரு திரைக்கும் 0, 1, 2 என்று எண், எக்ஸ், ஒய் இடம், அகலம், உயரம். முதன்மைத் திரையின் எண் பிரைமரி இன்டெக்ஸ் என்ற மாறியில் இருக்கும். பிரச்சினை என்னவென்றால் அந்த எண் திரையின் பெயர் அல்ல, இந்த நிமிடத்தில் வரிசையில் அது நிற்கும் இடம் மட்டுமே. ஒரு திரையைக் கழற்றி மாட்டினால் எண்கள் இடம் மாறலாம். மேம்படுத்தியபின் முதல் உள்நுழைவிலேயே மாறியிருக்கலாம். அமைப்புகளில் "பட்டை திரை 1-ல்" என்று எண்ணைச் சேமித்து வைக்கும் நீட்சி இங்கேதான் தடுமாறும், நிரலில் எந்தப் பிழையும் காட்டாமலே.

இதைவிடக் கெட்டது ஒன்றும் உண்டு. விருப்பங்கள் ஜன்னல் ஷெல்லுக்குள் ஓடுவதில்லை, தனிப் புராசஸாக ஜிடிகே 4-ல் (க்னோம் செயலிகளின் ஜன்னல்களை வரையும் நூலகம்) ஓடுகிறது. அது திரைப் பட்டியலை ஜிடிகே-யிடம் கேட்கும், ஷெல் மட்டரிடம் (க்னோமின் ஜன்னல் மேலாளர்) கேட்கும். இரண்டு பட்டியலும் ஒரே வரிசையில்தான் இருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. நீங்கள் விருப்பங்களில் இரண்டாவது திரையைத் தேர்ந்தெடுக்க, ஷெல் வேறொரு திரையில் பட்டையை வைப்பது இதனால்தான். முதன்மைத் திரை எது என்ற கேள்வியே ஜிடிகே 4-ல் நீக்கப்பட்டுவிட்டது, அதைக் கேட்கும் பழைய வரி இருந்தால் விருப்பங்கள் ஜன்னல் திறக்கவே திறக்காது.

தீர்வு, இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஓர் அடையாளத்தை வைத்துக்கொள்வது. டிபி-1, ஹெச்டிஎம்ஐ-1 என்று வரும் கனெக்டர் பெயர் (கேபிள் செருகும் இடத்தின் பெயர்) எளிது. ஜிடிகே திரையிடம் கனெக்டர் பெயரைக் கேட்டுச் சேமியுங்கள், ஷெல் பக்கத்தில் குளோபல் பேக்எண்டிடமிருந்து மானிட்டர் மேனேஜரைப் பெற்று அந்தக் கனெக்டருக்கு உரிய எண்ணைக் கேளுங்கள். எண்ணைப் பயன்படுத்தும் அந்த நொடியில் மட்டும் கேட்டு வாங்குங்கள், எங்கும் சேமிக்காதீர்கள்.

டாக்கிங் நிலையம் வழியாகத் திரை மாட்டுகிறவர்களுக்குக் கனெக்டர் பெயரே மாறக்கூடும். அவர்களுக்காக, தயாரிப்பாளர், மாடல், வரிசை எண் மூன்றையும் சேர்த்து அடையாளமாக வைப்பது இன்னும் உறுதியானது. மட்டரின் டிஸ்பிளே கான்ஃபிக் என்ற டிபஸ் (நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் வழி) சேவையிடம் இவற்றைக் கேட்டு வாங்கலாம். 48-லிருந்து ஜிடிசிடிஎல் என்றொரு கட்டளையும் இருக்கிறது, அதற்கு ஷோ என்று கொடுத்தால் இப்போதைய திரைகளின் விவரம் டெர்மினலிலேயே வந்துவிடும், கோளாறு தேடும்போது கைகொடுக்கும். ஒரே மாடலில் இரண்டு திரை வாங்கி, இரண்டிலும் வரிசை எண் காலியாக இருந்தால் என்ன செய்வது என்றால், அப்போது கனெக்டர் பெயர்தான் கதி, அதையும் சேர்த்தே சேமித்துவிடுங்கள்.

திரை மாறும்போது இடித்துவிட்டுக் கட்டுங்கள்

திரை கூடினாலும் குறைந்தாலும், அளவு மாறினாலும், முதன்மைத் திரை மாறினாலும் லேஅவுட் மேனேஜர் மானிட்டர்ஸ்-சேஞ்ச்டு என்ற சிக்னலை (மாற்றம் நடந்ததைத் தெரிவிக்கும் அறிவிப்பு) விடும். தன் பட்டியலைப் புதுப்பித்தபின்தான் விடும் என்பதால் இதைப் பிடிப்பதே பாதுகாப்பு.

அந்தச் சிக்னல் வந்ததும் பழைய நீட்சிகள் பல, எந்தத் திரை புதிது, எது போனது என்று ஒப்பிட்டுப் பார்த்து, இருக்கும் பட்டைகளை அங்கே இங்கே நகர்த்தும். அந்தக் கணக்கு எப்போதாவது தப்பும். இதைவிட நேரான வழி ஒன்று இருக்கிறது. மறுகட்டு என்று ஒரே ஒரு ஃபங்ஷன் எழுதுங்கள். அது முதலில் நாம் உருவாக்கிய எல்லாப் பட்டைகளையும் அழிக்கும். பிறகு மானிட்டர்ஸ் பட்டியலை ஒரு சுற்று சுற்றி, முதன்மைத் திரையை விட்டுவிட்டு, மற்ற ஒவ்வொன்றுக்கும் புதிதாக ஒரு பட்டை செய்து, அந்தத் திரையின் எக்ஸ், ஒய் இடத்தில், அதன் அகலத்துக்கு வைக்கும். எனேபிள் அதையே அழைக்கும், சிக்னலும் அதையே அழைக்கும், டிசேபிள் முதல் பாதியை மட்டும் அழைக்கும். ஷெல்லேகூடத் திரைகளின் பின்னணிப் படங்களை இப்படித்தான், அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்குகிறது.

எழுதும்போது இவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது திரை எப்போதும் வலது பக்கம் 1920-ல் தொடங்கும், ஒய் 0-வாகவே இருக்கும் என்று எழுதிவிடாதீர்கள். துணைத் திரை இடது பக்கம் இருந்தால் முதன்மைத் திரைதான் 1920-ல் தொடங்கும், ஒன்று நெட்டுக்குத்தாக நின்றால் ஒய் எண்ணும் மாறும். பின்ன அளவு மாற்றத்துக்கான ஸ்கேல்-மானிட்டர்-ஃப்ரேம்பஃபர் வசதி ஆனாக இருக்கும்போது 3840-க்கு 2160 திரையை 200 விழுக்காட்டில் வைத்தால் ஷெல்லின் கணக்கில் அது 1920-க்கு 1080 திரைதான். அந்த வசதி இல்லாதபோது அதே திரை 3840 என்றே வரும். அதனால் உங்கள் அளவுகளை நீங்களே இரண்டால் பெருக்காதீர்கள், தீம் கான்டெக்ஸ்ட் தரும் ஸ்கேல் ஃபேக்டரைக் கேட்டுப் பெருக்குங்கள்.

எல்லாத் திரையும் ஒரே நேரத்தில் போய்விடும் தருணமும் உண்டு. டிஸ்பிளேபோர்ட்டில் மாட்டிய திரைகள் சில, அணைத்ததும் கேபிளைப் பிடுங்கியது போலவே மறைந்துவிடும். லேப்டாப் மூடியிருந்தால் அந்த நொடியில் திரைப் பட்டியல் காலி, பிரைமரி இன்டெக்ஸ் மைனஸ் 1, முதன்மைத் திரை என்று எதுவும் கிடையாது. அதன் அகலத்தைக் கேட்கும் வரி அங்கேயே உடையும். பூட்டிவிட்டுப் போய்த் திரும்பி வந்தால் பட்டை இல்லை என்ற புகாருக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். மறுகட்டு ஃபங்ஷனின் முதல் வரியிலேயே, முதன்மைத் திரை இல்லையென்றால் திரும்பிவிடு என்று எழுதிவிடுங்கள். திரைகள் மீண்டதும் சிக்னல் மறுபடி வரும்.

டாக்கிங் நிலையத்தைச் செருகும்போது சிக்னல் ஒன்றன்பின் ஒன்றாகப் பல தடவை வரலாம். ஒவ்வொரு முறையும் இடித்துக் கட்டினால் திரை மினுக்கும். ஜிலிப் டைம்அவுட் வைத்து, சில நூறு மில்லி விநாடி அமைதியானபின் ஒரே முறை கட்டுங்கள். அந்த டைம்அவுட்டை டிசேபிளில் நீக்க மறக்காதீர்கள், நீட்சி அணைந்தபின் அது எழுந்து வந்து இல்லாத பட்டையைத் தேடும்.

டிசேபிள் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்லிவிட வேண்டும். திரையைப் பூட்டும்போது ஷெல் நீட்சிகளை டிசேபிள் செய்கிறது, திறக்கும்போது மறுபடி எனேபிள் செய்கிறது. மெட்டாடேட்டாவில் அன்லாக்-டயலாக் என்ற நிலையைக் கேட்டிருந்தால் மட்டுமே விதிவிலக்கு. அதாவது நாள் முழுக்க உங்கள் டிசேபிள் ஓடிக்கொண்டே இருக்கிறது. சிக்னல் ஒன்றைக் கழற்ற மறந்தால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் இன்னொன்று சேரும், மாலைக்குள் ஒரே திரை மாற்றத்துக்கு மறுகட்டு பத்துத் தடவை ஓடும். 42-லிருந்து கனெக்ட் ஆப்ஜெக்ட், டிஸ்கனெக்ட் ஆப்ஜெக்ட் என்ற ஜோடி இருக்கிறது, சிக்னல்களை அதன் வழியே மாட்டினால் ஒரே வரியில் எல்லாவற்றையும் கழற்றிவிடலாம்.

நிஜத் திரையில் சோதனை

லாக் ஓடிக்கொண்டிருக்கும் டெர்மினலைத் திறந்து வைத்துக்கொண்டு இந்த வரிசையில் செய்யுங்கள். துணைத் திரையின் கேபிளைக் கழற்றி மாட்டுங்கள். அமைப்புகளில் முதன்மைத் திரையை மாற்றி, திரும்பப் பழையபடி வையுங்கள். ஒரு திரையை மட்டும் 200 விழுக்காட்டுக்கு ஏற்றுங்கள். பூட்டித் திறங்கள். பூட்டியிருக்கும்போதே கேபிளைக் கழற்றிவிட்டுத் திறங்கள், இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். தூங்க வைத்து எழுப்புங்கள். துணைத் திரையில் ஒரு வீடியோவை முழுத்திரையாக்கிப் பாருங்கள், பட்டை மேலே ஒட்டிக்கொண்டிருந்தால் பட்டையை ஷெல்லின் குரோமில் (உலாவி அல்ல, ஜன்னல்களுக்கு மேலே நிற்கும் ஷெல் பகுதிகளின் அடுக்கு) சேர்க்கும்போது டிராக் ஃபுல்ஸ்கிரீன் விருப்பம் விட்டுப்போயிருக்கிறது. கடைசியாக நீட்சியை ஆஃப் செய்து, மேசை நீட்சி இல்லாதபோது இருந்தது போலவே ஆகிறதா என்று பாருங்கள்.

எல்லாம் சரியாக வந்தால் மாற்றத்தை உங்களிடமே வைத்துக்கொள்ளாதீர்கள், மூல ரெப்போவுக்கு அனுப்புங்கள். க்னோம் நீட்சித் தளத்துக்குப் போகும் நீட்சிகளை ஆட்கள் உட்கார்ந்து வாசித்துத்தான் அனுமதிக்கிறார்கள், எனேபிளில் செய்ததையெல்லாம் டிசேபிளில் திருப்பியிருக்கிறீர்களா என்பது அவர்கள் முதலில் பார்ப்பவற்றில் ஒன்று. 45-க்கு மேலான பதிப்பைத் தனியாகவே ஏற்றுங்கள், பழைய பதிப்பை நீக்க வேண்டாம், பயனரின் ஷெல்லுக்குப் பொருந்துவதைத் தளமே எடுத்துக் கொடுக்கும். புல் ரிக்வெஸ்டில் எந்த க்னோம் பதிப்பில், வேலேண்டிலா எக்ஸ்11-லா, எத்தனை திரையில், எந்த அளவு விகிதத்தில், டாக்கிங் நிலையம் வழியாகவா நேராகவா என்று சோதித்ததை எழுதுங்கள். மேலே சொன்ன சோதனைகளில் செய்ய முடியாமல் போனது எது என்றும் எழுதுங்கள், அந்த வன்பொருள் வைத்திருக்கும் இன்னொருவர் அதைச் செய்து பார்த்துச் சொல்வார்.